வாசிக்கத் திணறும் பிள்ளைகள்: டிஸ்லெக்சியா உண்மையில் என்ன?

“எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியுமாம்.” “வளர வளரச் சரியாகிவிடும்.” “ரொம்ப அறிவாளிப் பிள்ளைகளுக்குத்தான் அது வருமாம்.” “அதெல்லாம் ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம்.” டிஸ்லெக்சியா பற்றிப் பேச்சு வந்தால் இந்த நான்கில் ஒன்றாவது காதில் விழும். நான்குமே தவறு. பேச்சு தவறாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கண் கோளாறு என்று நம்பும் வீட்டில் கண்ணாடி வாங்குவார்கள், சோம்பல் என்று நம்பும் பள்ளியில் இம்போசிஷன் கொடுப்பார்கள். நடுவில் பிள்ளையின் மூன்று நான்கு வருடம் வீணாகப் போய்விடும். வாசிக்கக் கற்றுத்தரும் வேலையில் இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா ஆகியவற்றை இப்போது நரம்பியல் மாறுபாடு என்று சேர்த்துச் சொல்கிறார்கள். மூளை தகவலைக் கையாளும் விதம் பிறவியிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து வேறுபட்டிருப்பது என்பது அதன் பொருள். இவற்றில் வகுப்பறையில் அதிகம் தென்படுவதும், அதே சமயம் அதிகம் திட்டு வாங்குவதும் டிஸ்லெக்சியா. பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 40 பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர்.

நன்றாகப் பேசுகிற, சொன்னால் புரிந்துகொள்கிற, பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிற ஒரு பிள்ளைக்கு, சொற்களைச் சரளமாக வாசிப்பதும் பிழையில்லாமல் எழுதுவதும் மட்டும் விடாமல் கடினமாகவே இருக்கிறது. அதுதான் டிஸ்லெக்சியா. கையெழுத்திலும் எழுத்து வேலையிலும் வரும் இதுபோன்ற சிக்கலை டிஸ்கிராஃபியா என்றும், எண்ணிலும் கணக்கிலும் வருவதை டிஸ்கால்குலியா என்றும் சொல்வார்கள். மூன்றையும் சேர்த்துக் கற்றல் குறைபாடு என்பது வழக்கம். இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது.

பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது

எந்தக் குழந்தைக்கும் யாரும் பேச்சுக்கு வகுப்பு எடுப்பதில்லை. சுற்றி நாலு பேர் பேசினால் போதும், மூன்று வயதில் வாய் ஓயாது. மனித இனம் பேசத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் தலைமுறை ஆகிவிட்டது, மூளை அதற்குத் தயாராகவே பிறக்கிறது.

எழுத்து அப்படியில்லை. அது தோன்றி சுமார் 5,000 வருடங்கள்தான் ஆகின்றன. அதிலும் ஊரில் எல்லாரும் படிக்க வேண்டும் என்ற நிலை மிக அண்மையில் வந்தது. வாசிப்புக்கென்று ஒரு பகுதியோடு யாரும் பிறப்பதில்லை. பார்ப்பதற்கு ஒரு பகுதி, கேட்பதற்கு ஒரு பகுதி, பேசுவதற்கு ஒரு பகுதி என்று ஏற்கெனவே இருப்பவற்றை இணைத்து ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் திறமைதான் வாசிப்பு. இந்த இணைப்பு சிலருக்குச் சீக்கிரம் அமைந்துவிடும். சிலருக்கு மெதுவாகத்தான் அமையும். அந்த வேகத்துக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. டிஸ்லெக்சியா அறிவு குறைந்தவர்களுக்கும் வரலாம், கூடியவர்களுக்கும் வரலாம், நடுத்தரமானவர்களுக்கும் வரலாம்.

மூன்றாம் வகுப்பு வரை ஏன் தெரிவதில்லை?

சென்னையில் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அதில் பல வருடமாக ஏறி இறங்குகிறார். எண்ணின் உருவம் அவருக்கு மனப்பாடம், நிற்கும் இடமும் தெரியும், வழக்கமாக வரும் கண்டக்டரையும் தெரியும். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதைப் பக்கத்தில் நிற்பவர்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். ஒரு நாள் அதே எண்ணில் ‘கட் சர்வீஸ்’ போர்டு போட்டு வண்டி வந்தால்தான் சிக்கல். பாதி வழியில் இறக்கிவிடுவார்கள், ஏன் என்று புரியாமல் நிற்பார்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை முதல் இரண்டு வகுப்புகளைக் கடப்பதும் இப்படித்தான். பாடப் புத்தகம் சின்னது, படம் நிறைய, மொத்த வகுப்பும் சேர்ந்து சத்தம் போட்டுப் படிக்கும். ஐந்தாம் பக்கத்தில் யானைப் படத்துக்குக் கீழே என்ன வாசகம் என்பது காதால் கேட்டே மனப்பாடமாகிவிடும். விரலை வைத்துக் கடகடவென்று ‘வாசித்து’ம் காட்டுவான். அம்மா அப்பாவுக்குச் சந்தேகமே வராது. மூன்றாவது நான்காவது வகுப்பில் பாடம் நீளும், படம் குறையும், புதுச் சொற்கள் வந்து குவியும். அப்போதுதான் ‘மருத்துவமனை’ என்பதை ‘மருந்துக்கடை’ என்று படிப்பான். முதல் எழுத்தைப் பார்த்து, நீளத்தைப் பார்த்து, கதையின் போக்கைப் பார்த்துச் சொல்லும் ஊகம் அது. பொருள் கிட்டத்தட்ட சரியாக இருப்பதைக் கவனியுங்கள். இவ்வளவு நன்றாக ஊகிக்க மூளை நன்றாகவே வேலை செய்ய வேண்டும்.

“போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே படிச்சான்?” என்று பெற்றோர் கேட்பதற்குப் பதில் இதுதான். போன வருடம் அவன் வாசிக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டிருந்தான்.

பட்டம், கட்டம், சட்டம்

சரி, வாசிப்பில் எந்த இடத்தில் தடங்கல்? ஒரு சின்ன விளையாட்டு. புத்தகம் வேண்டாம், பேனா வேண்டாம், வாயால் மட்டும்.

‘பட்டம்’ என்று சொல். முதலில் வரும் ‘ப’வை எடுத்துவிட்டு ‘க’ போட்டால்? கட்டம். ‘ச’ போட்டால்? சட்டம். ‘வ’ போட்டால்? வட்டம்.

ஆறேழு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இதை இரண்டு மூன்று தடவை சொல்லிக்காட்டினால் பிடித்துக்கொள்வார்கள், பிறகு விடாமல் கேட்டுத் தொந்தரவு செய்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இதுவே கஷ்டம். ‘பட்டம்’ அவனுக்கு ஒரே கட்டியாகத்தான் கேட்கிறது. அதற்குள் தனித்தனித் துண்டுகள் இருப்பது காதில் எடுபடுவதில்லை. காது கேட்காமல் இல்லை, பேச்சைத் துண்டாகப் பிரித்துப் பார்க்கும் திறமைதான் மெல்ல வருகிறது. இந்தத் திறமைக்கு ஒலியுணர்வு என்று பெயர்.

தமிழில் இதில் இரண்டு படி இருக்கிறது. ‘பட்டம்’ என்பதை ப, ட், ட, ம் என்று உடைப்பது முதல் படி. ‘ப’ என்பதையே ப், அ என்று உடைப்பது இரண்டாவது படி, இதுதான் அதிகம் கடினம். ‘க, கா, கி, கீ’ என்று ராகம் போட்டு முழு வரிசையும் ஒப்பிக்கிற பிள்ளையிடம், ‘கி’யையும் ‘மி’யையும் தனியாகச் சொல்லி “ரெண்டுலயும் ஒரே மாதிரி வர்ற சத்தம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் அவன் ஒப்பித்தது பாட்டு, எழுத்து இல்லை.

எழுத்தே கண்ணில் படாத விளையாட்டில் தடங்கல் வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். சிக்கலுக்கு மூலம் கண் இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

சரளமாக வாசிப்பவர்களுக்கு மூளையின் இடது பாதியில், பின்பக்கம் அடியில், ஒரு பகுதி எழுத்துருவங்களை உடனே அடையாளம் காணப் பழகியிருக்கும். அது ஒலியையும் பொருளையும் கையாளும் பகுதிகளோடு இணைந்து வேலை செய்கிறது. இந்த இணைப்பு உறுதியாகிவிட்டால் வாசிப்பது நமக்கே தெரியாமல் நடக்கும். கடை போர்டைப் பார்த்துவிட்டு அதை வாசிக்காமல் இருக்க உங்களால் முடியாது, முயன்று பாருங்கள். மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது இந்த இடதுபக்கப் பகுதிகளின் செயல்பாடு குறைவாக இருப்பது பல மொழிக்காரர்களிடமும் காணப்பட்டிருக்கிறது. முறையான பயிற்சிக்குப் பிறகு அந்தச் செயல்பாடு கூடுவதும் பதிவாகியிருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் பயிற்சிக்கு அடிப்படை அதுதான்.

வேகம் வராததால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு விஷயத்தைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்கிறோமே, அந்த இடத்துக்குச் செயல் நினைவு என்று பெயர். அது எல்லாருக்குமே சின்ன இடம்தான். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு மொத்த இடமும் அதிலேயே தீர்ந்துவிடும். வரியின் கடைசிக்கு வரும்போது ஆரம்பம் மறந்திருக்கும். “இவ்வளவு நேரம் படிச்சியே, என்ன புரிஞ்சுது?” என்று கேட்டால் விழிப்பான். அதே பத்தியை நாம் படித்துக்காட்டினால் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வான்.

இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவது. பிள்ளையின் நோட்டைப் பார்த்துவிட்டு, “நானும் இப்படித்தான் இருந்தேன், அதனாலதான் படிப்பை விட்டேன்” என்று மெதுவாகச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. அந்தத் தகவல் பரிசோதனை செய்பவருக்கு மிகவும் பயன்படும், மறைக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தது: வாசிப்பு தானாக வருவதில்லை, ஒலியையும் எழுத்தையும் இணைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. டிஸ்லெக்சியாவில் அந்த இணைப்பு மெதுவாக அமைகிறது. அதனால் வேகம் குறைகிறது, வேகம் குறைவதால் புரிதலும் அடிபடுகிறது.

தமிழ் எழுத்தில் எங்கே இடறும்?

டிஸ்லெக்சியா பற்றி இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பி (b), டி (d) இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும், குழந்தைகள் மாற்றிப்போடுவார்கள். தலைகீழாகத் தெரியும் என்ற கதையே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளுமே அப்படி மாற்றி எழுதுவார்கள். தமிழிலோ அப்படிப்பட்ட சோடி தேடினாலும் கிடைப்பது அரிது. நம் பிள்ளைகள் இடறும் இடங்கள் வேறு.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் டிக்டேஷன் நோட்டு இது. ‘தோட்டம்’ என்று சொன்னதற்கு ‘தேடம்’ என்று எழுதியிருக்கிறான். ‘கொக்கு’ என்பது ‘கெகு’. ‘பள்ளிக்கூடம்’ என்பது ‘பளிகூடம்’. எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. நிதானமாகப் பார்த்தால் மூன்றிலும் இரண்டே வகைப் பிழைகள்தான் இருக்கின்றன.

முதலாவது, புள்ளி வைத்த எழுத்து காணாமல் போகிறது. ட்ட, க்க, ள்ளி என்று அழுத்தம் வரும் இடத்தில் ஒன்றை விழுங்கிவிடுகிறான். அங்கே இரண்டு துண்டு இருப்பது அவன் காதுக்குப் படவில்லை.

இரண்டாவது, ‘தோ’ என்பதில் இரட்டைச் சுழி போட்டான், ‘த’ எழுதினான், கால் போட மறந்தான். நம் எழுத்தில் ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் சில இடங்களில் வேறு. ‘தோ’வில் முதலில் ஒலிப்பது த், பிறகுதான் ஓ. கையோ ஓகாரத்தின் பாதியை முன்னால் எழுதி, நடுவில் ‘த’ எழுதி, மீதியைப் பின்னால் எழுத வேண்டும். நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. மெதுவாக எழுதும் பிள்ளைக்குக் கால் போட வேண்டிய நேரம் வருவதற்குள் மனம் அடுத்த ஒலியைத் தேடப் போய்விடுகிறது. அந்த நோட்டில் இருப்பது கவனமின்மை இல்லை. எங்கே பயிற்சி தேவை என்பதைப் பையனே எழுதிக் கொடுத்திருக்கிறான். சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பதிலாக அதை யாராவது படித்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னும் சில. இகரத்துக்கு எல்லா எழுத்திலும் ஒரே கொக்கிதான், ஆனால் உகரம் கு, சு, து, பு, மு என்று எழுத்துக்கு எழுத்து உருமாறும். ‘க’ என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். ல, ள, ழ பிரச்சினை நம்மில் பலருக்கே உண்டு. இவற்றோடு பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் வேறு. வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்ட காது, புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று பார்க்கிறது. ஊகித்துப் படிக்கும் பிள்ளை ‘வந்துட்டான்’ என்றே சொல்லிவிடும். “இருக்கறதைப் படிக்காம நீயா சொல்றியா?” என்று அடியும் விழும்.

இத்தனை இருந்தும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் ஒழுங்கானது. எழுத்து தெரிந்தால் புதுச் சொல்லையும் கூட்டிப் படித்துவிடலாம். இப்படிப்பட்ட எழுத்துமுறைகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட மந்தமாக வெளிப்படும். தமிழில் சரியாக, ஆனால் இழுத்து இழுத்துப் படிப்பான். ஆங்கிலத்தில் பிழையாகவும் படிப்பான், மெதுவாகவும் படிப்பான். “இங்கிலீஷ் மட்டும்தான் வீக்” என்று டியூஷனுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலர் இவர்கள். தமிழில் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கண்ணாடியும் இம்போசிஷனும்

கண் பரிசோதனை எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், காதுப் பரிசோதனையும் வேண்டும். பார்வைக் குறைவு இருந்தால் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். ஆனால் டிஸ்லெக்சியாவுக்கென்று விற்கப்படும் வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள், கண் உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட கூட்டறிக்கையிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரையும் கிடையாது. ஏடிஎச்டியும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகள் கணிசமாக உண்டு. அவர்களுக்கு அதற்காக மருத்துவர் மருந்து தரலாம், அது வேறு விஷயம்.

இம்போசிஷன் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ‘தோட்டம்’ என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் வரியைப் பார்த்து அப்படியே வரைவான். கை வலிக்க ஆரம்பித்ததும் முதலில் எல்லா வரியிலும் சுழிகளைப் போட்டு வைப்பான், பிறகு வரிசையாக எல்லா ‘த’வும் எழுதுவான். எங்கேயும் ஒலி இல்லை. மெதுவாக அமையும் இணைப்பை அது தொடுவதேயில்லை. மிச்சம் கிடைப்பது நோட்டைப் பார்த்தாலே வரும் வெறுப்பு.

அப்போ எப்படிக் கற்றுத்தருவது?

கொஞ்ச எழுத்து, தினமும், ஒலியோடு. நன்றாக வேலை செய்யும் முறைகளெல்லாம் இந்த மூன்றில்தான் நிற்கின்றன.

ட, ப, ம மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் புள்ளி எழுத்துகளையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் கிடைக்கும். எழுத்தட்டைகளை அடுக்கிச் சொல் உண்டாக்க வேண்டும், ஒவ்வொரு அட்டையைத் தொடும்போதும் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும், பிறகு சேர்த்துச் சொல்ல வேண்டும், பிறகு அட்டையை மூடிவிட்டு எழுத வேண்டும். ‘படம்’ வந்த பிறகு ஒரு ‘ட்’ அட்டையை நடுவில் செருகி “இப்போ என்ன?” என்று கேட்டால், அழுத்தத்துக்கென்று ஒரு எழுத்து இருப்பது கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றாகப் படும். இது உறுதியான பிறகுதான் கால். பாடம், மாடம். அதற்குப் பிறகு அடுத்த எழுத்து. 247 எழுத்தையும் வரிசையாக ஓட்டிவிட்டுப் பிறகு சொல்லுக்கு வருவது இந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது.

மணலிலோ தட்டில் பரப்பிய அரிசியிலோ விரலால் எழுதிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்வது நன்றாக உதவும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதைத்தான் செய்தார்கள். மணலில் மந்திரம் எதுவும் இல்லை. கை, கண், காது, வாய் நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் நிற்பதுதான் விஷயம்.

பதினைந்து இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காரவைப்பதில் பயனில்லை. நேற்று வந்தது இன்று மறந்திருக்கும். அது இயல்பு என்று எடுத்துக்கொண்டு நேற்றையதிலிருந்தே தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. சீக்கிரம் தொடங்கினால் சுலபம், பதினாலு வயதில் தொடங்கினாலும் பலன் உண்டு.

வீட்டில்

வாசிக்கக் கற்கும் நேரத்தையும் பாடம் படிக்கும் நேரத்தையும் தனித்தனியாக வையுங்கள். வீட்டுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். மேலே சொன்ன இருபது நிமிடம் வாசிப்புப் பயிற்சி. அது முடிந்த பிறகு சமூக அறிவியல் பாடத்தை அம்மாவோ அக்காவோ தாத்தாவோ படித்துக்காட்டட்டும், பிள்ளை கேட்கட்டும், பதிலை வாயால் சொல்லட்டும். “நீங்க படிச்சுக் காட்டினா அவன் எப்பத்தான் படிப்பான்?” என்று கேட்பார்கள். வாசிப்பு மெதுவாக வருகிறது என்பதற்காக அவன் வயதுக்குரிய அறிவும் சொல்வளமும் ஏன் காத்திருக்க வேண்டும்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடுகளை ஸ்கேன் செய்தால் காணொளிகள் கிடைக்கும், அவற்றையும் பயன்படுத்தலாம்.

கதைப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கலாம். அவன் திணறும் சொல்லில் நான்கைந்து நொடி பொறுத்துவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், கதை நிற்கக் கூடாது. தங்கச்சி எப்படிப் படிக்கிறாள் பார் என்ற ஒப்பீடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. பெயர் சொன்னால் மனம் உடைந்துவிடும் என்று மறைக்கிறார்கள். சொல்லாவிட்டால் அவன் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வான், அது ‘மக்கு’. “உனக்கு டிஸ்லெக்சியா இருக்கு. எழுத்து வேகமா வர நேரமாகும். அதுக்குப் பயிற்சி இருக்கு, நாம செய்யறோம்” என்று ஒன்பது பத்து வயதுப் பிள்ளையிடம் நேராகச் சொல்லலாம். பெரும்பாலும் அவர்கள் முகத்தில் நிம்மதிதான் தெரியும்.

வகுப்பில்

வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கும் வழக்கம் நம் வகுப்புகளில் உண்டு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அப்போது என்ன செய்கிறது என்று கவனித்தால் தெரியும். முன்னால் எத்தனை பேர் என்று எண்ணும், தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போடும், அதற்குள் அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்க்கும். மற்றவர்கள் வாசித்தது எதுவும் காதில் ஏறியிருக்காது. நடுவில் ஒருவன் இரண்டு பத்தி படித்துவிட்டால் கணக்கெல்லாம் குழம்பி, “தண்ணி குடிச்சிட்டு வரேன் மிஸ்” என்று எழுந்துவிடும். முந்தின நாளே “நாளைக்கு நீ இந்தப் பத்தி” என்று சொல்லி அனுப்பினால் போதும், ஆசிரியருக்குச் செலவு ஒன்றுமில்லை.

கரும்பலகையில் இருப்பதை முழுக்க எழுதச் சொல்வதற்குப் பதில் நோட்ஸின் நகல் கொடுக்கலாம். அறிவியல் தாளில் விடை சரியாக இருந்தால் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் வெட்டாமல் விடலாம். வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடலாம். இது சலுகை காட்டுவதாகாதா என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அறிவியல் தேர்வு அறிவியலைத்தான் அளக்க வேண்டும் என்பது என் பதில்.

இப்படி ஒத்தாசை எதுவும் கிடைக்காமல் எட்டாவது ஒன்பதாவது வரை வந்துவிட்ட பிள்ளைகளிடம் வாசிப்புச் சிக்கல் வெளியே தெரியாது, வேறு ஏதோ தெரியும். திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி. புத்தகம் ‘தொலைந்து’ போவது. வகுப்பில் கோமாளித்தனம், ஏனென்றால் மக்கு என்று பெயர் எடுப்பதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் எடுப்பது மேல். சிலர் அடியோடு பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

சான்றிதழும் பொதுத்தேர்வும்

ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்தபோது ஆட்டிசத்தோடு இதுவும் இடம்பிடித்தது. கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகவே அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் வருகின்றன. “எங்கள் பள்ளியில் இதெல்லாம் கிடையாது” என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பிரிவு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பரிசோதனையைச் செய்பவர் மருத்துவ உளவியலாளர். அறிவுத்திறன் சோதனையும், வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் இருக்கும். பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நீண்ட காலமாக இதற்கென்றே வேலை செய்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசுப் பள்ளிப் பெற்றோர் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை முதலில் பார்க்கலாம். சான்றிதழை எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை, சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாம்.

பொதுத்தேர்வைப் பொறுத்தவரை, சிபிஎஸ்இ மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் கூடுதல் நேரம், எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடத் தொடங்கினால் காலம் போதாது. ஒன்பதாம் வகுப்பிலேயே காகித வேலையை முடித்துவிடுங்கள். எந்த மொழியை விடுவது என்பதையும் அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். பிள்ளை அடுத்து எங்கே, எந்த மொழியில் படிக்கப்போகிறது என்று யோசித்துவிட்டு விடுங்கள்.

எழுதுபவர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். விடையை மனத்தில் அடுக்கி, இன்னொருவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது தனிப் பழக்கம். கணக்கில் “மேலே மூன்று, கோடு, கீழே எட்டு” என்று சொல்லத் தெரிய வேண்டும். புதுப் பத்தி எங்கே என்று சொல்ல வேண்டும், எழுதியதைத் திரும்ப வாசித்துக்காட்டும்படி கேட்கக் கூச்சப்படக் கூடாது. காலாண்டுத் தேர்விலிருந்தே இப்படி எழுதிப் பழக அனுமதிக்கும்படி பள்ளியிடம் கேளுங்கள். முடியாது என்றால் வீட்டில் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ எழுத, இவன் சொல்லிப் பழகலாம்.